மருத்துவச் செலவும் நாடகக் கதையும்

மருத்துவம் என்னும் செயலில் எத்தனை பேருக்குப் பங்கு உண்டு என்பதைத் திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் எண்ணிக் காட்டுகிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்று நான்கு கூறுகளை அவர் வகுக்கிறார். பல நூற்றாண்டுகள் கழிந்தும் இக்கணக்கில் ஒன்றைக் குறைக்க எவராலும் இயலவில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டு அதனோடு ஒன்றைக் கூட்டிவிட்டது. எக்ஸ்ரே கருவியும், அறுவைக் கூடமும், பெனிசிலின் முதலான புதிய மருந்துகளும் வந்த பிறகு, மருத்துவச் செலவு தனிக் குடும்பம் தாங்கும் அளவைக் கடந்தது. ஆகவே, "இதற்குப் பணம் கொடுப்பவர் யார்?" என்ற கேள்வி எழுந்தது. அந்த ஐந்தாமவர் நோயாளியாகவே இருக்கலாம், அரசாக இருக்கலாம், வேலை கொடுத்த முதலாளியும் இன்ஷூரன்ஸ் கம்பெனியுமாக இருக்கலாம்.

இந்த ஐந்தாமவர் யார் என்பதற்கு ஒவ்வொரு நாடும் தன் போக்கில் ஒரு விடை கண்டது. அந்த விடை அந்நாட்டு மருத்துவமனைகளின் அமைப்பை வகுத்தது என்பதில் வியப்பில்லை. அந்நாட்டு மக்கள் மாலை வேளையில் தம் வீட்டுத் தொலைக்காட்சியில் காணும் மருத்துவ நாடகத்தின் போக்கையும் அது வகுத்தது என்பதே நாம் இன்று கருத வேண்டிய செய்தி. அந்நாடகமோ அங்கே நின்றுவிடவில்லை. அது மக்கள் பேச்சிலும், செய்தித்தாளிலும், பாராளுமன்றத்திலும் புகுந்து, சட்டம் இயற்றுவோரையும் நெருக்கியது. இந்த வரலாற்றைப் பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான், கனடா என்னும் நான்கு நாடுகளில் வைத்துக் காண்போம்.

முதலில் பிரிட்டனுக்குச் செல்வோம். வேல்ஸ் பகுதியின் தெற்கே ட்ரெடீகர் என்னும் சுரங்க ஊர் ஒன்று உண்டு. அவ்வூர்த் தொழிலாளர் தம் கூலியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, மருத்துவ உதவிச் சங்கம் ஒன்றை நடத்தி வந்தனர். அப்பணத்தைக் கொண்டு மருத்துவர்களை அமர்த்தி, தமக்கும் தம் குடும்பத்தார்க்கும் மருத்துவம் பெற்றனர். 1920களின் தொடக்கத்தில் அங்கே பணியாற்றிய மருத்துவர்களுள் ஒருவர் ஏ. ஜே. க்ரோனின். பின்னர் அவர் எழுத்துத் துறையில் புகுந்து, 1937இல் 'சிடாடெல்' என்ற நாவலை வெளியிட்டார். வேல்ஸ் சுரங்க ஊரில் நேர்மையோடு தொண்டு தொடங்கிய இளம் மருத்துவன், லண்டன் நகரை அடைந்து, செல்வரின் கற்பனை நோய்களுக்கு மருந்து கொடுத்துப் பணம் திரட்டித் தன் இலட்சியத்தை இழந்து, பின்னர்த் தெளிவு பெறுவதே அதன் கதை. அடுத்த ஆண்டே அது திரைப்படமாகவும் வந்தது. மருத்துவத்தில் பணம் புகுந்து செய்யும் கேட்டைப் பொதுமக்கள் அறிவதற்கு அந்நாவல் பெரிதும் துணை நின்றது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

அதே ட்ரெடீகரில் பிறந்தவர் அனைரின் பெவன். சுரங்கத் தொழிலாளியின் மகனாய்ப் பிறந்து, சிறுவயதிலேயே தாமும் சுரங்கத்தில் இறங்கியவர் அவர். 1945இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோது சுகாதார அமைச்சரானார். தம் ஊர்ச் சங்கம் செய்த உதவியை நாடு முழுமைக்கும் விரிப்பதே அவர் எண்ணமாயிற்று. மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. அரசின் கூலியாட்களாக மாட்டோம் என்று மருத்துவர் பலர் முழங்கினர். நெடிய வாதத்திற்குப் பின், 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியது. செல்வர், வறியவர் என்ற வேறுபாடின்றி எவரும் மருத்துவமனைக்குச் செல்லலாம். வாயிலில் பணம் கேட்பார் இல்லை. செலவு பெரும்பாலும் மக்கள் செலுத்தும் பொது வரியிலிருந்து வரும். ஐந்தாமவர் அரசு என்பது பிரிட்டன் கண்ட விடை. அந்த விடையும் முரண் இல்லாமல் நிற்கவில்லை. பொய்ப்பற்களுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் மக்களிடம் ஒரு பகுதிக் கட்டணம் வாங்குவது என்று 1951இல் அரசு முடிவு செய்தபோது, அதனை ஏற்காது பெவன் அமைச்சர் பதவியையே துறந்தார்.

பிரிட்டனின் முதல் பெரும் மருத்துவத் தொடர் நாடகம் 1957 பிப்ரவரியில் வந்தது. 'எமர்ஜென்சி வார்டு 10' என்பது அதன் பெயர். வாரம் இருமுறை ஒளிபரப்பாகி, 1967 வரை நடந்தது. நர்சுகளின் அன்பு, இளம் மருத்துவர்களின் காதல், பிழைத்து எழும் நோயாளியின் புன்னகை ஆகியவையே அதன் உயிர்நிலை. அம்மருத்துவமனையில் நோயாளியின் கையில் 'பில்' ஒன்றை நீட்டும் காட்சிக்கு இடமே இல்லை. ஏனெனில் அந்நாட்டு மருத்துவமனையிலும் அதற்கு இடம் இல்லை. 1962இல் தொடங்கிய 'டாக்டர் ஃபின்லேயின் கேஸ்புக்' என்ற தொடர் இன்னும் சுவையான சான்று. க்ரோனினின் கதைகளைத் தழுவிய அத்தொடர் 1920களின் ஸ்காட்லாந்துச் சிற்றூரைக் காட்டியது. மருத்துவரை அழைக்குமுன் பையில் உள்ள காசை எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் அது. இலவச மருத்துவத்தோடு வளர்ந்த பிள்ளைகள் அக்காலத்தைத் திரையில் கண்டனர். தேசிய சுகாதாரப் பணி தொடங்கிப் பதினான்கு ஆண்டுகளுக்குள் மருத்துவக் கட்டணம் என்பது அந்நாட்டில் பழங்கதை ஆகிவிட்டது.

ஆயினும் துன்பம் இல்லாமல் நாடகம் இல்லை. பணத்தின் முடிச்சு அவிழ்ந்த இடத்தில் வேறொரு முடிச்சு விழுந்தது. அதுவே காலமும் இடமும் பற்றிய முடிச்சு. எல்லார்க்கும் கதவு திறந்திருந்தால் வரிசை நீளும். வரிசை நீண்டால் படுக்கை போதாது. படுக்கை போதாதபோது மருத்துவரும் நர்சும் உறக்கம் இழப்பர். 1986 செப்டம்பரில் பி.பி.சி. தொடங்கிய 'கேஷுவால்டி' இம்முடிச்சின் மீதே கட்டப்பட்டது. ஹோல்பி என்னும் கற்பனை நகரத்தின் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி செய்வோரின் கதை அது. 1948இல் கண்ட கனவு சிதைந்து வருகிறது என்ற கவலையோடுதான் அதன் ஆசிரியர் இருவரும் அத்தொடரைத் திட்டமிட்டனர். அப்போது ஆண்ட கன்சர்வேடிவ் கட்சியினர், நாடகம் என்ற பெயரால் அரசியல் பேசப்படுகிறது என்று குறை கூறினர். குறை கூறியும் தொடர் நிற்கவில்லை. அந்நாட்டின் மிக நீண்ட மருத்துவத் தொடராக அது வளர்ந்தது.

1994இல் வந்த 'கார்டியாக் அரெஸ்ட்' இன்னும் ஒருபடி மேலே சென்றது. பணியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவரே புனைபெயரில் எழுதிய தொடர் அது. இடைவிடாப் பணியால் களைத்து, நோயாளியின் முகத்தையும் மறந்துபோகும் இளைஞர்களை அது காட்டியது. 2022இல் பி.பி.சி. ஒளிபரப்பிய 'திஸ் இஸ் கோயிங் டு ஹர்ட்' என்ற தொடரும் மகப்பேற்றுப் பிரிவில் உழலும் மருத்துவரின் களைப்பையே பொருளாகக் கொண்டது. 2024இல் வந்த 'பிரெத்டேக்கிங்' கோவிட் நோய்க் காலத்து மருத்துவமனையைக் காட்டி, அக்கால அரசின் செயல்களைப் பற்றிய விவாதத்தை மீண்டும் எழுப்பியது.

இங்கே ஒரு நுட்பத்தை நோக்க வேண்டும். இந்நாடகங்கள் தேசிய சுகாதாரப் பணியைக் கடிந்து பேசுகின்றன; ஆனால் அது ஒழியட்டும் என்று பேசவில்லை. தாய் மெலிந்துவிட்டாளே என்று வருந்தும் மகனின் குரல் அது. 2012 ஜூலையில் லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில், மருத்துவமனைக் கட்டில்களையும் நர்சுகளையும் அரங்கின் நடுவே நிறுத்தி அந்நாடு ஆடிப்பாடியது. வேறு நாட்டார் தம் போர் வெற்றியையோ அரச பரம்பரையையோ நிறுத்தக்கூடிய இடம் அது. இன்னொன்றும் கூற வேண்டும். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மருத்துவம் பயின்ற பல்லாயிரவர் அந்நாடு சென்று அப்பணியைத் தம் தோளில் தாங்கினர். ஆனால் அவர்களைக் கதைத் தலைவராக்கத் தொலைக்காட்சிக்கு நெடுங்காலம் பிடித்தது. 2010இல் வந்த 'தி இந்தியன் டாக்டர்' என்ற தொடர், 1963இல் டெல்லியிலிருந்து வேல்ஸ் சுரங்க ஊருக்கு வரும் மருத்துவர் ஒருவரின் கதை. க்ரோனின் நடந்த நிலத்தில் இந்திய மருத்துவர் ஒருவரை நடக்கவிட்டது அது.

இனி அட்லாண்டிக் கடலைத் தாண்டுவோம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு கூலி உயர்வுக்குத் தடை விதித்தது. கூலியை உயர்த்த இயலாத முதலாளிகள், தொழிலாளரை ஈர்ப்பதற்காக மருத்துவக் காப்பீட்டை அளிக்கத் தொடங்கினர். போர்க் காலத்தின் நெருக்கடியில் பிறந்த இவ்வழக்கம் பின்னர் அந்நாட்டின் அமைப்பாகவே நிலைத்தது. ஐந்தாமவர் முதலாளியும் காப்பீட்டுக் கம்பெனியும் ஆயினர். வேலை போனால் காப்பீடும் போகும் என்பது இதன் உட்பொருள். போருக்குப் பின் ஜனாதிபதி ட்ரூமன், மக்கள் அனைவர்க்கும் அரசின் காப்பீடு வேண்டும் என்று முயன்றார். அமெரிக்க மருத்துவச் சங்கம் பெரும்பொருள் செலவிட்டு, 'இது சோஷலிச மருத்துவம்' என்று நாடெங்கும் பிரசாரம் செய்தது. ட்ரூமனின் முயற்சி தோற்றது.

இந்தச் சூழ்நிலையில்தான் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மருத்துவ நாடகம் பிறந்தது. 1954இல் 'மெடிக்' என்ற தொடர் வந்தது. உண்மையான மருத்துவமனைகளில் படம் பிடிக்க வேண்டும். உண்மையான கருவிகளைக் காட்ட வேண்டும். இதற்கு மருத்துவர்களின் ஒத்துழைப்பு இன்றியமையாதது. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டார மருத்துவர் சங்கம் ஒத்துழைத்தது. ஆனால் கதைப் பிரதிகளைத் தான் பார்த்து ஒப்புதல் அளிக்க வேண்டும் என்றது. 1955இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம் ஆகியவற்றுக்கென ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. மருத்துவச் செய்திகளில் பிழை நேராமல் காத்தது அக்குழுவின் நன்மை. மருத்துவரின் பெருமைக்குக் குறைவு நேராமல் காத்தது அதன் மற்றொரு பணி.

1961இல் 'டாக்டர் கில்டேர்', 'பென் கேஸி' என்னும் இரு தொடர்கள் தொடங்கின. இரண்டும் 1966 வரை நடந்து, கோடிக்கணக்கான மக்களைக் கவர்ந்தன. இளமையும் அழகும் நேர்மையும் ஒருங்கே வாய்ந்த மருத்துவன், ஒரே ஒரு நோயாளிக்காக இரவும் பகலும் விழித்திருக்கிறான். அந்த நோயாளிக்கு வரும் 'பில்' எவ்வளவு, அதனை யார் செலுத்துவார் என்ற வினா பெரும்பாலும் எழுவதே இல்லை. அதே 1961இல் வேறொரு குரலும் அமெரிக்க வீடுகளில் ஒலித்தது. முதியோர்க்கு அரசு மருத்துவக் காப்பீடு அளிக்கும் மசோதாவை எதிர்த்து, அமெரிக்க மருத்துவச் சங்கம் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. மருத்துவர்களின் மனைவியர் அண்டை வீட்டுப் பெண்களைக் காப்பிக்கு அழைத்து, அத்தட்டைச் சுழலவிட்டு, சட்டமன்ற உறுப்பினர்க்குக் கடிதம் எழுதுமாறு தூண்டினர். அத்தட்டில் பேசியவர் அப்போது தொலைக்காட்சி நடிகராக இருந்த ரொனால்ட் ரீகன். இருபதாண்டுக்குப் பின் நாட்டின் ஜனாதிபதி ஆனவர்.

பிரிட்டனில் பணம் திரையில் தோன்றாதது, அது மருத்துவமனை வாயிலிலேயே தோன்றாததால். அமெரிக்காவிலோ அது வாயிலில் நின்றது. திரையில் மட்டும் மறைந்தது. இரண்டு மௌனங்களும் கேட்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும் பொருளால் வேறானவை. வரலாற்று மாணவன் மௌனத்தையும் ஒரு சான்றாக எடுத்துப் படிக்கப் பழக வேண்டும்.

1965 ஜூலை 30ஆம் நாள் ஜனாதிபதி ஜான்சன், ட்ரூமனின் ஊராகிய இண்டிபெண்டன்ஸுக்கே சென்று, அம்முதியவர் அருகிருக்க இரு திட்டங்களுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். 'மெடிகேர்' அறுபத்தைந்து வயது கடந்தோர்க்கும், 'மெடிகெய்ட்' வறியோர்க்கும் ஆனவை. ஏனையோர் பழைய வழியிலேயே விடப்பட்டனர். 1969இல் வந்த 'மார்க்கஸ் வெல்பி' என்ற தொடரின் முதிய மருத்துவரோ, அப்போதும் தந்தை போல நோயாளிகளின் குடும்பக் கவலைகளையெல்லாம் கேட்டு ஆறுதல் கூறிக்கொண்டிருந்தார்.

மௌனம் எண்பதுகளில் கலையத் தொடங்கியது. 1982இல் வந்த 'செயின்ட் எல்ஸ்வேர்' பாஸ்டன் நகரத்தின் பழுதடைந்த மருத்துவமனை ஒன்றைக் காட்டியது. பெரிய மருத்துவமனைகள் விரும்பாத நோயாளிகள் சென்று சேரும் ஏழை மருத்துவமனையை மருத்துவர்கள் கேலியாக அழைக்கும் பெயர் அது. 1986இல் ஒரு சட்டம் வந்தது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருவோரைக் காசில்லை என்று திருப்பி அனுப்பாமல், சோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று அது மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்குக் கட்டளையிட்டது. இதனால், காப்பீடு அற்றவர்க்குத் திறந்திருக்கும் ஒரே கதவு அவசரப் பிரிவின் கதவு என்ற நிலை பல இடங்களில் உண்டாயிற்று. 1994 செப்டம்பர் 19ஆம் நாள் தொடங்கிய 'ஈ.ஆர்.' என்ற தொடர், சிகாகோ நகரத்துப் பொது மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவைக் களமாகக் கொண்டது தற்செயல் அன்று. வேலையற்றோர், வீடற்றோர், குடியேறியோர், செல்வர் ஆகிய அனைவரும் ஒரே கூரையின்கீழ்ச் சந்திக்கும் இடம் அந்நாட்டில் அதுவே.

அத்தொடர் தொடங்கி ஒரே வாரத்தில், செப்டம்பர் 26ஆம் நாள், ஜனாதிபதி கிளின்டன் கொண்டுவந்த மருத்துவச் சீர்திருத்தம் இனி நிறைவேறாது என்று செனட் சபைத் தலைவர் அறிவித்தார். அம்முயற்சியைச் சாய்த்த காரணங்களுள் ஒரு சிறு நாடகமும் உண்டு. ஹாரி, லூயிஸ் என்னும் கணவனும் மனைவியும் தம் வீட்டில் அமர்ந்து, புதிய திட்டத்தால் தமக்கு என்ன நேருமோ என்று கவலையோடு பேசிக்கொள்ளும் விளம்பரம் அது. காப்பீட்டுக் கம்பெனிகளின் சங்கம் அதற்குப் பொருள் கொடுத்தது. புள்ளிவிவரங்கள் நிறைந்த அரசின் அறிக்கையைப் படித்தவர் சிலர். அந்தத் தம்பதியரின் கவலையைக் கண்டவர் பலர். வியப்பு யாதெனில், அதே நடிகர் இருவரும் 2009இல் மீண்டும் தோன்றி, இம்முறை சீர்திருத்தம் வேண்டும் என்று பேசினர். 2010 மார்ச் 23ஆம் நாள் ஜனாதிபதி ஒபாமா புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார்.

இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் சற்று முன்னதாக, 2008இல், 'பிரேக்கிங் பேட்' தொடங்கியது. அது மருத்துவ நாடகம் அன்று, குற்றக் கதை. நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ரசாயனம் கற்பிக்கும் பள்ளி ஆசிரியர் ஒருவர்; கார் கழுவும் நிலையத்திலும் வேலை பார்த்துக் குடும்பம் நடத்துகிறார். நுரையீரலில் புற்றுநோய் கண்டதும், குடும்பத்துக்குப் பணம் சேர்க்கப் போதைப்பொருள் காய்ச்ச முற்படுகிறார். பிற நாட்டார் இதைக் கண்டு ஒரு வேடிக்கை சொல்வது வழக்கமாயிற்று. இக்கதை கனடாவில் நடந்திருந்தால், "அடுத்த வாரம் சிகிச்சை தொடங்கும்" என்று மருத்துவர் கூற, முதல் நாளிலேயே நாடகம் முடிந்திருக்கும் என்பதே அவ்வேடிக்கை. அதில் ஓர் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. அந்த ஆசிரியரிடம் காப்பீடு இருந்தது. சிறந்த மருத்துவரின் சிகிச்சைக்குத்தான் அது போதவில்லை. செல்வம் படைத்த பழைய நண்பர் செலவை ஏற்க முன்வந்தபோது, தன்மானம் தடுக்க மறுத்துவிட்டார். அவரைக் கெடுத்தது நாட்டின் அமைப்பு மட்டும் அன்று. அவருடைய செருக்கும் ஆகும். ஆயினும் ஒன்று தெளிவு. மருத்துவச் செலவுக்கு அஞ்சி ஒரு நல்லாசிரியர் குற்றவாளியாகிறார் என்ற தொடக்கத்தை அமெரிக்க மக்கள் நம்பத் தயங்கவில்லை. எந்தத் தொடக்கம் நம்பத் தகுந்தது என்பதை நாட்டின் அமைப்பே முடிவு செய்கிறது.

2025இல் தொடங்கிய 'தி பிட்' என்ற தொடர் பிட்ஸ்பர்க் நகரத்து அவசரப் பிரிவில் ஒரு பணிநாளை மணிமணியாகக் காட்டுகிறது. அங்கே காத்திருப்போர் அறை நிரம்பி வழிகிறது, நர்சுகள் போதவில்லை, மருத்துவர் களைத்திருக்கிறார். பிரிட்டிஷ் நாடகத்தின் முடிச்சு அமெரிக்காவுக்கும் வந்துவிட்டது என்று கூறத் தோன்றுகிறது. பணம் கேட்கும் நாட்டிலும் வரிசை நீளக்கூடும் என்பதே இதன் பாடம்.

பணமும் வரிசையும் மட்டுமே முடிச்சுகள் என்று எண்ண வேண்டா. ஜப்பான் 1961இல் தன் குடிமக்கள் அனைவரையும் மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துவிட்டது. சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் நாடு முழுவதும் ஒரே விலை. நோயாளி ஒரு பகுதியைச் செலுத்துகிறார். பொருளின் கவலை இவ்வாறு குறைந்த நாட்டில், 1963 முதல் டொயோகோ யாமசாகி என்ற பெண் எழுத்தாளர் 'வெண்கோபுரம்' எனப் பொருள்படும் பெயரில் நாவல் ஒன்றைத் தொடராக எழுதினார். ஒசாகா நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பேராசிரியர் பதவியைப் பிடிக்க ஒரு அறுவை மருத்துவன் செய்யும் சூழ்ச்சிகளும், அவன் அலட்சியத்தால் இறந்த நோயாளியின் குடும்பத்தார் தொடுத்த வழக்கும் அதன் பொருள். அங்கே முடிச்சு பணம் அன்று. பதவியும் அதிகாரமும் ஆகும். மேலவரை எதிர்த்துச் சாட்சி சொல்லக் கீழ்நிலை மருத்துவர்க்குத் துணிவு வருமா என்பதே கேள்வி. முதல் நூலில் அம்மருத்துவன் வழக்கில் வென்றான். இது முறையா என்று வாசகர்கள் வற்புறுத்தவே, ஆசிரியர் மேலும் எழுதி, மேல் நீதிமன்றத்தில் அவன் தோற்கக் காட்டினார். அக்கதை 1967இலும், 1978இலும், 2003இலும் தொலைக்காட்சித் தொடராக மீண்டும் மீண்டும் எடுக்கப்பட்டது. காப்பீட்டுச் சட்டம் தீர்க்காத வினா ஒன்று அங்கே எஞ்சி நின்றதையே இது காட்டுகிறது.

இறுதியாகக் கனடாவுக்கு வருவோம். ஏறத்தாழ 1910ஆம் ஆண்டுக்குப் பின், வினிபெக் நகரத்தில் ஓர் ஏழைச் சிறுவன் காலில் எலும்பு நோயால் வருந்தினான். பெரிய மருத்துவரை அமர்த்தப் பெற்றோர்க்கு வசதி இல்லை. காலை வெட்டி எடுப்பதே வழி என்று கூறப்பட்டது. அந்நேரம் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஒருவர் அவனைக் கண்டார். தம் மாணவர்கள் சிகிச்சையைப் பார்த்துக் கற்க இசைந்தால், கட்டணம் இன்றிச் செய்வதாகச் சொன்னார். கால் பிழைத்தது. அச்சிறுவன் பெயர் டாமி டக்ளஸ்.

நாடக ஆசிரியன் ஒருவன் கையில் இந்நிகழ்ச்சி கிடைத்தால் என்ன செய்வான்? அருள் நிறைந்த மருத்துவரைத் தலைவராக்குவான். சிறுவன் எழுந்து நடக்கும் காட்சியில் திரையை வீழ்த்துவான். காண்போர் கண்ணீர் மல்குவர். டக்ளஸோ அங்கே நிற்கவில்லை. அவ்வழியே அந்த மருத்துவர் வராதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணினார். அப்படி யாரும் வராத ஏனைய சிறுவர்களை எண்ணினார். ஒருவனது கால் நற்பேற்றைச் சார்ந்து நிற்கலாகாது என்று முடிவு செய்தார். பின்னர் அவர் சஸ்காட்சவான் மாகாணத்தின் முதல்வரானார். அவர் தொடங்கிய திட்டம், அவருக்குப் பின் வந்த முதல்வரின் காலத்தில், 1962 ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்றே மருத்துவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். 23 நாள் மாகாணம் தவித்தது. பின்னர் உடன்பாடு ஏற்பட்டது. 1966இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. 2004இல் கனடா வானொலி தொலைக்காட்சிக் கழகம் நடத்திய வாக்கெடுப்பில், மாபெரும் கனடியர் என்று மக்கள் டக்ளஸையே தேர்ந்தெடுத்தனர்.

அவர் வாழ்க்கையை அக்கழகம் 2006இல் நாடகமாக்கியது. டக்ளஸை உயர்த்துவதற்காக அவருடைய அரசியல் எதிரியான ஜேம்ஸ் கார்டினரை உண்மைக்கு மாறாகத் தாழ்த்திக் காட்டிவிட்டனர் என்று கார்டினர் குடும்பத்தார் முறையிட்டனர். கழகம் ஆராய்ந்து, அந்நாடகத்தை மீண்டும் ஒளிபரப்பாமல் நிறுத்தியது. நல்ல நோக்கத்தோடு எழுதிய நாடகமும் ஒரு கொடியவனைத் தேடுகிறது, கிடைக்காவிட்டால் படைத்துக்கொள்கிறது.

நாடகத்தின் வலிமையும் வரம்பும் இங்கே விளங்குகின்றன. ஆயிரம் பேரின் துன்பத்தை ஒருவன் முகத்தில் காட்டுவது அதன் வலிமை. அந்த ஒருவன் பிழைத்தால் ஆயிரவரும் பிழைத்தனர் என்ற மயக்கத்தை உண்டாக்குவது அதன் வரம்பு. 1996இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆராய்ச்சி, தொலைக்காட்சித் தொடர்களில் இதயம் நின்று மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கப்பட்டவர்களுள் 75 விழுக்காட்டினர் உடனே பிழைப்பதாகக் காட்டப்பட்டதை எடுத்துரைத்தது. உண்மை வாழ்வில் பிழைப்போர் அதனினும் மிகக் குறைவு. மேலும், வராத நோயை நாடகத்தில் காட்ட இயலாது. தூய குடிநீராலும் அம்மை ஊசியாலும் பிழைத்த குழந்தைக்குத் தான் பிழைத்தது தெரியாது. அதன் தாய்க்கும் தெரியாது. அங்கே கண்ணீரும் இல்லை, கதையும் இல்லை. ஆனால் ஒரு நாட்டின் சுகாதாரத்தில் பெரும்பகுதி அதுவே அன்றோ?

மாணவ நண்பர்களே, மருத்துவ நாடகத்தைக் காண வேண்டா என்று நான் கூறவில்லை. க்ரோனினின் நாவல் இல்லாமல் பிரிட்டனின் மனச்சான்று அவ்வளவு விரைவில் விழித்திருக்குமா என்பது ஐயமே. கண்டு மகிழுங்கள், கலங்குங்கள். ஆனால் திரை வீழ்ந்த பின் ஒரு கேள்வியை மட்டும் உங்களுக்குள் எழுப்பிக்கொள்ளுங்கள். நோயாளியைக் கண்டோம், மருத்துவரைக் கண்டோம், மருந்தைக் கண்டோம், அருகிருந்து பேணியவரையும் கண்டோம். இக்கதையில் அந்த ஐந்தாமவர் எங்கே? அவர் காட்டப்படவில்லை என்றால், மறைத்தவர் யார்? நாளைக்கு வாக்குச் சீட்டைக் கையில் பெற்று, உங்கள் நாட்டின் ஐந்தாமவர் யார் என்று முடிவு செய்யப்போகிறவர்கள் நீங்களே.